புல்தரையும் கீரைப்பாத்தியும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (தாவரவியல்) மாணவன்

நம் கல்லூரி வாயிலைக் கடந்து உள்ளே வருகின்றவர் கண்ணில் முதலில் படுவது, முதல்வர் அறைக்கு எதிரே விரிந்து கிடக்கும் புல்தரை. நடுவிலே கொடிக்கம்பம், சுற்றிலும் வெள்ளையடித்த செங்கல் வரிசை, மூலையிலே ‘புல்லை மிதிக்காதீர்கள்’ என்னும் பலகை. மூன்று பக்கமும் கட்டடங்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்க, அந்த ஒரு துண்டு மட்டும் பச்சைப் பசேலென்று இருப்பது கண்ணுக்கு இனிய காட்சிதான். என்னைச் சேர்ப்பதற்காக என் தந்தையார் முதன்முதல் இங்கே வந்த அன்று, அந்தப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இரண்டடி தள்ளியே நடந்து வந்தார்.

அந்தப் புல்தரையைப் பற்றித்தான் சில சொல்ல விரும்புகிறேன். அரசியலைப் பற்றியும் அண்டவெளியைப் பற்றியும் எழுதுவதற்கு நம்மிடையே ஆற்றல் மிக்க நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். புல்லைப் பற்றி எழுத ஒருவனாவது வேண்டாமா?

மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் நம் கல்லூரியில் இரண்டு காட்சிகளை ஒருசேரக் காணலாம். ஒன்று, விடுதியின் பின்புறக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நிற்கும் நம் தோழர்கள். மற்றொன்று, காலை பத்து மணி வெயிலில், நீண்ட ரப்பர் குழாய் வழியே புல்தரையில் பாயும் தண்ணீர். இரண்டும் ஒரே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

அறிவியல் மாணவன் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானும் என் வகுப்புத் தோழனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலடியால் அளந்ததில் (அன்று மட்டும் பலகையின் கட்டளையை மீறினோம், மன்னிக்க வேண்டும்) புல்தரை ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது, அதாவது 800 சதுர மீட்டர். திறந்த வெயிலில் உள்ள பசும்புல் கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கிவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர். ஆக, இழந்ததை ஈடு செய்வதற்கு மட்டுமே ஒரு நாளைக்கு 4,000 லிட்டர் வேண்டும். பத்து மணி வெயிலில் பாய்ச்சினால் வீணாவது தனி.

4,000 லிட்டர் என்றால் என் தாயாருக்குப் புரியாது. 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் 266 குடம் என்றால் உடனே புரியும். எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும். வீட்டுக்கு எட்டுக் குடம். முப்பது வீட்டுக்கும் சேர்த்து 240 குடம். எங்கள் தெரு முழுவதும் இரண்டு நாள் குடித்து, சமைத்து, குளிக்கும் தண்ணீரைவிட அதிகமான தண்ணீரை நம் புல்தரை ஒரே நாளில் குடித்துவிடுகிறது. இந்தக் கணக்கை வீட்டில் சொன்னபோது, “அந்தப் புல்ல மாடு திங்குமாடா?” என்று மட்டும் கேட்டார் என் தாயார். விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புல்தரை என்பது நமக்கு எங்கிருந்து வந்தது? ஆண்டு முழுவதும் தூறல் விழும், வெயில் கடுமையில்லாத இங்கிலாந்திலே, பெருநிலக்கிழார்களின் மாளிகை முன்னால் வளர்ந்த வழக்கம் அது. முதலில் ஆடுகளும் அரிவாள்காரர்களும்தான் அதை மட்டமாக வைத்திருந்தனர். 1830இல் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் கம்பளியின் மேல்மயிரைக் கத்தரிக்கும் பொறியைப் பார்த்து, புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு அது நடுத்தரக் குடும்பங்களுக்கும் பரவிற்று. வெள்ளையர் ஆட்சியோடு கப்பலேறி நம் கலெக்டர் பங்களாக்களுக்கும் வந்து சேர்ந்தது. பயிர் செய்யாமல் நிலத்தை வெறுமனே விட்டுவைக்க என்னால் முடியும் என்று ஊருக்குக் காட்டுவதுதான் அதன் தொடக்க நோக்கம். ஆட்சி போய்விட்டது, புல் மட்டும் நின்றுவிட்டது.

இதனால் புல்லையே வேரோடு தோண்டி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புல்தரை புழுதியை அடக்குகிறது. தரையின் சூட்டைத் தணிக்கிறது. மழை மண்ணை அரித்துச் செல்லாமல் பிடித்துக்கொள்கிறது. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் இதை எனக்கு எடுத்துச் சொன்னார்; அதை ஏற்கிறேன். ஆனால் எந்தப் புல், எப்படி வளர்ப்பது என்பதுதான் கேள்வி.

நாற்றுப் பண்ணைகளில் ‘கொரியன் புல்’ என்று சதுரம் சதுரமாக விற்கிறார்களே, அதை வாங்கி ஓரிரு இடத்தில் நம் கல்லூரியிலும் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கோடையில் அது பாதி காய்ந்துவிட்டது. காய்ந்த இடத்தில், யாரும் அழைக்காமல், அருகம்புல் வந்து உட்கார்ந்துகொண்டது. சைனோடான் டாக்டிலான் என்று நாம் செய்முறை ஏட்டில் எழுதும் அதே அருகுதான். தரைமேல் ஓடும் தண்டும், மண்ணுக்குள் ஓடும் தண்டும் இரண்டுமே அதற்கு உண்டு. தண்ணீர் இல்லையென்றால் மேலே பழுத்துக் காய்ந்து, கீழே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஒரு மழை விழுந்தால் நான்கு நாளில் பச்சை விடும். சித்திரையில் புல் சற்றுப் பழுப்பாக இருந்தால் கல்லூரியின் மானம் போய்விடுமா? மலைகளும் மேய்ச்சல் நிலங்களும் அந்த மாதத்தில் பழுப்பாகத்தான் இருக்கின்றன.

அப்படியும் பச்சையாகவே வேண்டுமென்றால் அதற்கும் வழியிருக்கிறது. தினம் மேலாகத் தெளிப்பதை விட்டுவிட்டு, ஐந்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், மண் நன்றாக நனையும்படி 15 மில்லிமீட்டர் அளவு பாய்ச்சினால் போதும். ஐந்து நாளில் 20,000 லிட்டருக்குப் பதில் 12,000 லிட்டர். மேல்மண் மட்டும் தினமும் ஈரமாக இருந்தால் வேர் மேலேயே நின்றுவிடுகிறது. ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் புல் வாடுகிறது. ஆழ நனைத்துக் காயவிட்டால் வேர் கீழே போகிறது. கோடையில் புல்லை மொட்டையடிப்பது போல் வெட்டாமல் மூன்று விரற்கடை உயரம் விடலாம். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வெட்டிய துணுக்குகளை வாரிக் கொண்டுபோய்க் கொட்டாமல் அங்கேயே விட்டுவிட்டால் அதுவே உரம்.

இப்போது நடப்பது என்ன? துணுக்குகளை வாரி வெளியே எறிகிறோம். பிறகு புல் வெளிறிவிட்டதென்று யூரியா வாங்கித் தூவுகிறோம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன்; அதை வெயிலில் மேலாகத் தூவினால் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. மீதியைக் குடித்த புல் மளமளவென்று வளர்ந்து மேலும் தண்ணீர் கேட்கிறது. மறுபடியும் வெட்டச் சொல்கிறது. இந்தச் சுற்றில் லாபம் யாருக்கு என்று பொருளாதாரத் துறை நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் துணிந்தேன்.

நான் முதலாம் ஆண்டில் இருந்தபோது, மாதம் இருமுறை நான்கு பெண்கள் வந்து களைக்கொத்தால் இந்தப் புல்தரையில் களை எடுப்பார்கள். இடைவேளையில் அந்தப் பக்கம் போனால், “தம்பி, எந்த ஊரு, என்ன படிக்கிற?” என்று கேட்பார்கள். இந்த ஆண்டு அவர்களைக் காணோம். பதிலாக முதுகில் தெளிப்பானைச் சுமந்த ஒருவர் வந்து ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போகிறார். அவர் விட்டுச்சென்ற காலி டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்: 2,4-டி. செடிகளின் வளர்ச்சிப் பொருளான ஆக்சினைப் போல நடித்து, அகன்ற இலைச் செடிகளைத் தாறுமாறாக வளரவிட்டே கொல்லும் மருந்து. புல்லினத்தை அவ்வளவாகத் தொடாது. தாவரச் செயலியல் பாடத்தில் நாம் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவது இதைத்தான். காற்றில் சிறிது மிதந்து சென்றாலும் பக்கத்துத் தக்காளியும் பருத்தியும் இலை சுருண்டுவிடும்.

மருந்து அடித்த இரண்டாம் வாரத்தில் எங்கள் துறையில் ஒரு வேடிக்கை நடந்தது. செய்முறை வகுப்புக்கு வழக்கமாக ஆய்வகப் பணியாளர் புல்தரை ஓரத்திலிருந்துதான் செடிகளைப் பறித்து வருவார். சூரியகாந்திக் குடும்பத்துக்கு ட்ரைடாக்ஸ் என்னும் வெட்டுக்காயப் பூண்டு. துளசிக் குடும்பத்துக்குத் தும்பை. ஆமணக்குக் குடும்பத்துக்குக் குப்பைமேனி. அன்று அவர் வெறுங்கையோடு வந்தார். “ஒண்ணும் இல்லீங்க சார், எல்லாம் கருகிப் போச்சு” என்றார். காம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவர நூல் மேசையின்மேல் இருக்கிறது. அதில் வைத்துப் பார்க்கச் செடிதான் இல்லை. பிறகு ரயில் பாதையோரம் வரை போய்ப் பறித்து வந்தார்கள். ஆனால் கோரை மட்டும் மூன்றே வாரத்தில் திரும்பவும் தலைகாட்டிற்று. அதன் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது!

களை என்று நாம் பெயர் சூட்டிக் கொல்பவற்றில் மூக்கிரட்டை, பருப்புக்கீரை, தொய்யக்கீரை எல்லாம் எங்கள் வீட்டில் குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகும் கீரைகள். களை எடுக்கப் போகும் நாளில் என் தாயார் முந்தானையில் ஒரு கைப்பிடி கட்டிக்கொண்டு வருவார். ஆம், நண்பர்களே, என் தாயாரும் களை எடுக்கும் தொழிலாளிதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அரசு தரும் சலுகையும் உதவித்தொகையும் போக, என் தேர்வுக் கட்டணமும் பஸ் செலவும் களைக்கொத்தின் முனையிலிருந்து வந்தவை. ஆகவே அந்த நான்கு பெண்கள் வராமல் போனது எனக்கு வெறும் சிக்கன நடவடிக்கையாகத் தோன்றவில்லை. அவர்களுடைய வீடுகளிலும் யாரோ ஒருவர் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது. இரவில் என் தாயாரின் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிடுபவனும் நான்தான். நாள் முழுதும் குனிந்து நிற்கும் வேலை எப்பேர்ப்பட்டது என்று எனக்குத் தெரியும். மருந்தே வேண்டாம், எல்லாவற்றையும் கையால் பிடுங்குவதே புனிதம் என்று மேடையில் முழங்குகின்றவர்கள் அரை நாள் குனிந்து பார்த்துவிட்டு முழங்கட்டும். என் கருத்து வேறு. முதலில் களையைக் குறைக்க வேண்டும். எஞ்சியதைக் கூலி கொடுத்து எடுக்க வேண்டும். களையைக் குறைப்பதற்கு மூடாக்கைவிடச் சிறந்த வழி இல்லை. செடியைச் சுற்றி நான்கு விரற்கடை உயரம் சருகோ வைக்கோலோ பரப்பிவிட்டால், வெளிச்சம் இல்லாமல் களைவிதைகள் பெரும்பாலும் முளைப்பதில்லை. ஈரமும் ஆவியாகாமல் நிற்கும்.

எங்கள் வீட்டுக் கொல்லையே இதற்குச் சான்று. மூன்று வரிசை வெண்டை, ஒரு வரிசை கொத்தவரை, கூரைமேல் சுரைக்கொடி, ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, அவ்வளவுதான். தையில் விதைத்தது, பங்குனியில் காய்க்கிறது. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் அதற்குப் போகும். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீர் வாழைக்கு மட்டும். கீரைக்கு ஊற்ற விடமாட்டார். கரும்புச் சோகையும் தென்னங்கீற்றும் வேரடியில் பரப்பியிருக்கும். கொத்தவரையில் அசுவினி பிடித்தால், போன ஆடியில் பொறுக்கிக் காயவைத்த வேப்பங்கொட்டையின் பருப்பை ஒரு கைப்பிடி இடித்து ஊறவைத்து மாலையில் தெளிப்பார். வேளாண் துறையினர் சொல்வதும் ஏறத்தாழ அதே அளவுதான்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பு; ஓர் இரவு ஊறல்; வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல். மாலையில் ஏன் என்று அவருக்குத் தெரியாது. வேம்பின் அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும் என்று நான் படித்துச் சொன்னேன். “அதான் சாயங்காலம் அடிக்கிறோம்ல” என்றார்.

இதை ‘இயற்கை வேளாண்மை’ என்று அவர் அழைப்பதில்லை. உரம் வாங்கக் காசு இல்லாததால் பிறந்த பழக்கம் என்பதே உண்மை. ஆனால் காசு உள்ளவர்களும் மருந்தை நம்பிக் கைவிடப்பட்ட ஒரு காலத்தை எங்கள் வட்டாரம் கண்டிருக்கிறது. 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மெக்சிகோ நாட்டுப் பூச்சி. இங்கே அதற்கு எதிரி இல்லை. உடம்பெங்கும் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. எங்கள் கொல்லைப் பப்பாளியை வெட்டி எரித்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி, டப்பா டப்பாவான நஞ்சு செய்யாததைச் செய்தது. பூச்சியியல் ஆய்வாளர்களும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை அது. இயற்கை வழி என்பது படிப்பறிவு இல்லாதவர்களின் வழி என்று இளக்காரம் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளக்காரம் என்றதும் இன்னொரு நாள் நினைவுக்கு வருகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் விடுதியின் பின்னால் பாத்தி கட்டிக்கொண்டிருந்தோம். ஏதோ சான்றிதழ் வாங்க அன்று என் தந்தையார் கல்லூரிக்கு வந்திருந்தார். கையில் மண்வெட்டியோடு என்னைப் பார்த்தவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஏண்டா, மம்பட்டி புடிக்கவா ஒன்ன காலேசுக்கு அனுப்புனேன்?” என்றார். சினத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. அவர் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. மண்வெட்டியிலிருந்து என்னை விடுவிக்கத்தான் அவர் இத்தனை ஆண்டு மண்வெட்டி பிடித்தார். மூன்றாண்டு படித்தும் என் கை மண்ணில் இருந்தால் அவர் பார்வையில் அது தோல்வி. தோட்ட வேலை உயர்ந்தது என்று நகரத்து நண்பர் சொல்வது எளிது. அவருக்கு அது பொழுதுபோக்கு. என்னைப் போன்றவன் அதை என் தந்தையாரிடம் எப்படிச் சொல்வது? இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்: “அப்பா, இது கூலிக்கு இல்ல, படிச்சத மண்ணுல பாக்குறோம்.” அவர் தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டதாகக் கொள்ள முடியாது.

இனி, செய்யத் தக்கதைச் சொல்கிறேன். கோடையில் கீரை விதைப்போம் என்று நம்மில் சிலர் ஆர்வத்தோடு சொல்கிறார்கள். வீட்டில் அது சரி. தண்டுக்கீரை சில வாரங்களில் பறிப்புக்கு வரும். கல்லூரியில் சரிப்படாது. ஏப்ரலில் தேர்வு; மே மாதம் முழுதும் விடுமுறை. விதைத்துவிட்டு ஊருக்குப் போனால் பாத்தியில் சருகுதான் மிஞ்சும். போன ஆண்டு நாங்கள் கட்டிய பாத்திகளுக்கு அதுதான் நேர்ந்தது. எனவே நம் கல்லூரிக்கு முன்கோடை விதைக்கும் காலமன்று. மண்ணைத் தயார் செய்யும் காலம்.

அதற்கு வேண்டிய பொருள் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. சைக்கிள் நிறுத்தத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களும், நூலகத்தை ஒட்டிய புங்கமும் வேம்பும் இந்த மாதங்களில்தான் இலை கொட்டுகின்றன. தினமும் காலையில் அவற்றைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். முதல் மணி வகுப்பில் புகை சூழ்ந்து இருமுவது நம் அனைவருக்கும் பழக்கம். எரித்தால் சாம்பலில் கொஞ்சம் பொட்டாசியம் மிஞ்சும். நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். அதே இலையை விடுதியின் காய்கறிக் கழிவோடும் கொஞ்சம் சாணத்தோடும் அடுக்கடுக்காகக் குவித்து, நனைத்து, இரண்டு மூன்று முறை புரட்டிப் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் மக்கிவிடும். ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் இந்தூரில் 1920களில் வகுத்த முறையின் அடிப்படை இதுதான். இந்திய உழவர்களையே தம் ஆசிரியர்கள் என்று மதித்தவர் அவர். பங்குனியில் போட்ட குவியல், கல்லூரி திறந்து ஆடிப்பட்டம் வரும்போது சரியாகக் கைக்கு வரும். மே மாதத்தில் வாரம் ஒருமுறை அதன்மேல் நான்கு வாளித் தண்ணீர் ஊற்ற உள்ளூர் மாணவர் இருவர் போதும்.

மண்புழு வேண்டுமென்றால் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நிழலும் ஈரமும் சருகும் இருந்தால் நம் மண்ணின் புழுக்களே மேலே வரும். சென்னை நியூ காலேஜில் ஆசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் நம் நாட்டுப் புழுக்களை ஆராய்ந்து, அவற்றைக் கொண்டே உரம் செய்யலாம் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவர். ஒரு கல்லூரி ஆசிரியர் செய்ததை இன்னொரு கல்லூரி செய்ய முடியாதா?

ஒரு எச்சரிக்கை. மருந்து அடித்த புல்தரையின் துணுக்குகளை இந்தக் குவியலில் சேர்க்கக் கூடாது. ஆகவே தெளிப்பானை முதலில் நிறுத்தியாக வேண்டும். அந்தச் செலவைக் கொண்டே அந்த நால்வரை மீண்டும் அழைக்கலாம். குவியலைப் புரட்டுவதும் மூடாக்கு இடுவதும் நிமிர்ந்து நின்று செய்யும் வேலைகள். களை எடுப்பதைவிட இடுப்புக்கு நல்லவை.

இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, எங்கள் வகுப்பினர் இருபத்தேழு பேர் கையெழுத்திட்டு, அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்திருக்கிறோம். குவியலுக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறோம். பழைய சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால், நிழலில். மனு இன்னும் மேசையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இலை மனுவுக்காகக் காத்திருப்பதில்லை. இன்று காலையும் நூலகத்தின் பக்கம் புகை எழுந்தது.